புதுவெளிக் கோபுரம்: ஒரு இல்லாமையின் வரலாறு

வெளிப்பாளையத்தில் ஒரு டீக்கடையில், புத்த விகாரை இருந்த இடம் எது என்று கேட்டேன். "நாகூருக்கா சார், வேளாங்கண்ணிக்கா? பஸ் இங்கயே நிக்கும்" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே பார்க்க எதுவும் இல்லை. இந்த 'எதுவும் இல்லை' எப்படி உண்டாக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையை, ஸ்ரீவிஜய மன்னன் மாரவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பன் பெயரில் எழுப்பினான். 1006 வாக்கில் முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான்: 97 வேலிக்கு மேல் நிலம், 8,943 கலம் நெல். பெண் யானையை நடத்தி எல்லை குறித்தார்கள். 'சோழரின் சமயப் பொறை'க்கு மேடைகளில் இதைத்தான் சான்று காட்டுகிறார்கள். ஆனால் 1025இல் அவன் மகன் ராஜேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்துத் தூதர்கள் கேட்டபடி பள்ளிக்கு வரிச்சலுகை தந்தான். பொறை என்பதைவிடக் கப்பலும் சரக்கும் என்று வாசித்தால்தான் இது புரிகிறது. நெல்லை விளைவித்தவர்களின் சம்மதத்தை எந்தச் செப்பேடும் கேட்கவில்லை.

சம்பந்தர், அப்பர் காலத்தோடு தமிழ்நாட்டில் பௌத்தம் முடிந்தது என்றுதான் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். நாகப்பட்டினத்து மண் வேறு கதை சொல்கிறது. 1856 தொடங்கி அங்கே ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் சில பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதாவது, 'முடிந்துபோன' பிறகும் பல நூறு ஆண்டுகள் யாரோ புத்தரை வார்த்தார்கள், கும்பிட்டார்கள்.

கோபுரமும் நின்றது. 1846இல் வால்டர் எலியட் அதைப் பார்த்தார். சாந்து இல்லாமல் செங்கல்லை நெருக்கி அடுக்கிய, மூன்று நிலைச் சதுரக் கட்டிடம். ஊர்க்காரர்களுக்கு அது 'புதுவெளிக் கோபுரம்', ஐரோப்பியருக்குச் 'சீனக் கோயில்'. அது விகாரையின் பகுதியா, சீன வணிகர்கள் கட்டியதா என்ற விவாதம் உண்டு. விவாதிக்கக் கட்டிடம்தான் இல்லை. 1867இல் இயேசு சபைப் பாதிரிமார்கள் தங்கள் கல்லூரிக்காக அதை இடிக்க அனுமதி கேட்டார்கள். சென்னை அரசு கொடுத்தது. பதினாறே வருஷத்தில், 1883இல், அந்தக் கல்லூரி திருச்சிக்குப் போய்விட்டது.

ஆக, அதை இடித்தது காலமுமல்ல, கடலுமல்ல, படையுமல்ல. ஒரு மனு, ஒரு கையெழுத்து. 'இது எங்களுடையது' என்று சொல்ல அன்றைக்கு ஊரில் ஒருவருமில்லை. அந்த வெற்றிடத்தை உண்டாக்கியதில் பாதிரிக்கும் கலெக்டருக்கும் மட்டுமா பங்கு? நாகைப் பொன் புத்தரைக் கவர்ந்து திருவரங்கத்துக்குத் திருப்பணி செய்தார் என்று திருமங்கையாழ்வாரைப் பற்றிக் குருபரம்பரைக் கதை பெருமையோடு சொல்கிறதே, அதைக் கேட்டு ரசித்துவந்த நமக்கும் இருக்கிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்தப் படிமங்கள் முன்னால் நின்றபோது ஒன்று தோன்றியது. இவற்றை மண்ணுக்குள் வைத்தவர்கள் உடைத்துப் போடவில்லை, ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளித்து வைப்பவன் திரும்பி வர நினைப்பவன்தானே?

டீக்கடைக்காரருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன். நாம் எல்லோருமே.