மின்சிகரெட்டும் தோலும்: புகையிலை வயலிலிருந்து ஒட்டுச் சோதனை வரை

மின்சிகரெட்டுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு, அந்தக் கருவி பிறப்பதற்கு முன்பே புகையிலை வயலில் தொடங்கிவிட்டது. விடியற்காலையில், பனி ஈரம் காயாத புகையிலைச் செடியில் இலை பறிப்பவரின் கைகளில் அந்த ஈரம் படிகிறது. இலையின் நிக்கோட்டின் அதில் கரைந்திருப்பதால், தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. சில மணி நேரத்தில் தலை சுற்றும், குமட்டும், வாந்தி வரும், நிற்க முடியாமல் உடம்பு தளரும். ஒரு பீடிகூடப் பிடிக்காதவருக்கும் இது வரும். 1970-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இலை பறிப்போரிடம் கண்ட இந்த நோய் மருத்துவ ஏட்டில் பதிவானது. 1970-களின் இறுதியில் அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் குஜராத்தின் புகையிலைத் தொழிலாளர்களிடமும் இதைக் கண்டு எழுதினார்கள். பச்சைப் புகையிலை நோய் என்று இதற்குப் பெயர் நிலைத்தது.

கூலிக்கு இலை பறித்தவர்கள் பட்ட இந்த அவதியிலிருந்துதான் ஒரு மருந்துக்கான யோசனை கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் ஆகியோர், நிக்கோட்டின் தோல் வழியே போகுமென்றால் புகைப்பழக்கத்தை விட நினைப்பவருக்கு அதையே அளந்து கொடுக்கலாமே என்று எண்ணினார்கள். பிறர்மீது சோதிக்க அனுமதி கிடைக்காததால், 1980-களின் தொடக்கத்தில் தங்கள் தோலிலேயே வைத்துப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு கூடியது. மருந்து உள்ளே போனது உறுதியானது. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் நிக்கோட்டின் பட்டை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. பட்டை ஒட்டிய இடம் சிவப்பதும் அரிப்பதும் அதன் பக்க விளைவுகளாக அப்போதே அறியப்பட்டிருந்தன. ஒரே இடத்தில் ஒட்டாமல் தினமும் இடம் மாற்றி ஒட்டச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

சீனாவின் ஷென்யாங் நகரில் மருந்தாளராக இருந்த ஹான் லிக் அந்தப் பட்டையைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர். அவர் கடுமையான புகைப் பழக்கம் கொண்டவர். தந்தையும் அப்படித்தான், நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். பட்டை நாள் முழுவதும் ஒரே சீராக நிக்கோட்டினைக் கசியவிடும். சிகரெட்டை இழுத்தவுடன் தலைக்கேறும் அந்த வேகம் அதில் இல்லை. அந்த வேகத்தைப் புகையில்லாமல் கொடுக்கும் கருவி ஒன்றை அவர் 2003-இல் உருவாக்கினார். திரவத்தை மீயொலி அதிர்வால் நுண்துளிகளாக்குவது முதல் வடிவம். சூடேறும் கம்பிச்சுருள் பின்னால் வந்தது. 2004-இல் சீனாவில் விற்பனை தொடங்கியது. 2006, 2007 ஆண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையிலையில்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963-இலேயே காப்புரிமை கேட்டு, 1965-இல் பெற்றும் இருந்தார். ஆனால் அது சந்தைக்கு வரவேயில்லை.

புதிய கருவியைப் பற்றிய விவாதம் முழுவதும் நுரையீரலைச் சுற்றியே நடந்தது. எரியும் புகையிலையின் தார் இதில் இல்லை என்பதே விற்பவர்களின் முதல் வாதமாகவும், மருத்துவர்களில் ஒரு பகுதியினரின் நம்பிக்கையாகவும் இருந்தது. தோலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இது வருந்தத்தக்க விடுபடல். ஏனென்றால் கருவிக்குள் இருந்த திரவம், உலோகம், வாசனைப் பொருள், நிக்கோட்டின் ஆகிய ஒவ்வொன்றும் தோல் மருத்துவ நூல்களில் பல்லாண்டுகளாகத் தனித்தனியே இடம்பெற்றிருந்தவை.

முதலில் திரவம். மின்சிகரெட்டின் ஆவியில் பெரும்பகுதி புரோபிலீன் கிளைக்காலும் கிளிசரினும்தான். புரோபிலீன் கிளைக்கால் காற்றில் கலப்பது புதிதல்ல. 1940-களில் சிகாகோவில் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற மருத்துவர், அறைக் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அதை ஆவியாக்கிப் பார்த்தார். குரங்குகளையும் எலிகளையும் அந்த ஆவியில் மாதக்கணக்கில் வைத்து ஆராய்ந்தார். பின்னாளில் நாடக மேடைகளில் செயற்கைப் பனிமூட்டம் எழுப்பவும் அது பயன்பட்டது. இன்னொரு பக்கம் களிம்புகளிலும் சவர்க்காரங்களிலும் முகப்பூச்சுகளிலும் அது சேர்ந்தது. கரப்பான் (எக்சிமா) எனும் தோல் அழற்சிக்குப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றிலும் அது உண்டு. அதனால், களிம்பு பூசப் பூசக் கரப்பான் கூடும் நோயாளிகளைத் தோல் மருத்துவர்கள் வெகுகாலமாகவே அறிவார்கள். புரோபிலீன் கிளைக்கால் சிலருக்கு வெறும் எரிச்சலைத் தரும்; சிலருக்கு உண்மையான ஒவ்வாமையாகவே மாறும். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2018-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக இதைத்தான் அறிவித்தது. நீரை ஈர்க்கும் இயல்புள்ள இந்தத் திரவத்தை ஆவியாக நாள் முழுவதும் இழுப்பவர்கள் வாயும் தொண்டையும் வறண்டுபோவதாகச் சொல்வது மிகவும் சாதாரணம்.

அடுத்து உலோகம். நிக்கல் முலாம் பூசும் தொழிலாளர்களின் கைகளில் வந்த கரப்பானை பெர்லின் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ 1889-இல் விவரித்தார். ஆறே ஆண்டுகளில், 1895-இல், யோசெஃப் யாடசோன் ஒட்டுச் சோதனையை அறிமுகப்படுத்தினார்: சந்தேகப்படும் பொருளைச் சிறிதளவு தோலில் ஒட்டிவைத்து, எந்தப் பொருளுக்குத் தோல் சிவக்கிறது என்று பார்ப்பது. இருபதாம் நூற்றாண்டில் நிக்கல் தொழிற்கூடத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. பெண்களின் காலுறைக் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான், கைக்கடிகாரத்தின் பின்மூடி, காதுத் தோடு என்று அது தோலைத் தொட்ட இடமெல்லாம் படை வந்தது. கவரிங் தோடு போட்டுக் காது புண்ணாகி நீர் வடிந்த அனுபவம் தமிழகத்து வீடுகளிலும் புதிதல்ல. அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த நிக்கல்தான். தோலைத் தொடும் பொருள்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு டென்மார்க் 1990-இல் வரம்பு விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது.

இவ்வளவு பாடுபட்டு நகையிலிருந்தும் பொத்தானிலிருந்தும் குறைத்த உலோகம், மின்சிகரெட்டின் உறையில் திரும்பி வந்தது. 2015-இல் ஐரோப்பிய மருத்துவ இதழ்களில் வெளிவந்த நோயாளி விவரங்களில், கருவியைப் பிடிக்கும் கையில் கரப்பான் வந்தவர்கள் இருந்தார்கள். ஒட்டுச் சோதனையில் அவர்களுடைய தோல் நிக்கலுக்குச் சிவந்தது. ஒரு பொருளிலிருந்து நிக்கல் கசிகிறதா என்பதைக் காட்டும் சோதனை மிக எளிமையானது. டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலில் நனைத்த பஞ்சுக் குச்சியை உலோகத்தின் மேல் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளும் பல கருவிகளில் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்தால் ஆனதே. சூடேறும் சுருளிலிருந்து இந்த உலோகங்கள் நுண்ணளவில் ஆவியோடு வருவதை ஆய்வகங்கள் அளந்து காட்டியிருக்கின்றன. ஆகவே கையோடு உதடும் வாயோரமும் இதில் சேரும்.

வாசனைப் பொருள்களின் கதையும் இதுபோன்றதே. இலவங்கப்பட்டையின் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு, ஒட்டுச் சோதனைப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கும் ஒவ்வாமைப் பொருள். 2015-இல் அமெரிக்காவில் அறிமுகமான ஜூல் கருவி, நிக்கோட்டினை பென்சாயிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி, தொண்டையில் காரல் தெரியாமல் செறிவைக் கூட்டியது. இந்த அமிலமும் பட்ட இடத்தில் தோலைத் தடிக்கச் செய்யக்கூடியது என்பது பழைய செய்தி.

தோலின் வரலாற்றில் நிக்கோட்டினுக்குத் தனி இடம் உண்டு. அது தோலின் நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முகத்தோலை இழுத்துத் தைக்கும் அழகு அறுவை செய்யும் மருத்துவர்கள் இதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். புகைப்பவர்களில் தைத்த தோல் இரத்தமின்றிக் கருகி உரிவது, புகைக்காதவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் அதிகம் என்று 1984-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அடுத்த ஆண்டு டக்ளஸ் மாடல் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நீண்டகாலப் புகைப்பழக்கம் ஒருவரின் முகச் சுருக்கங்களிலும் சாம்பல் பூத்த நிறத்திலும் தெரியும் என்று எழுதினார். மின்சிகரெட்டில் தார் இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் இருக்கிறதே என்ற கேள்விக்கு 2018-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எலிகளில் விடை தேடினார்கள். சிகரெட் புகையில் வைத்த எலிகள், மின்சிகரெட் ஆவியில் வைத்த எலிகள், இரண்டும் படாத எலிகள் என மூன்று குழுக்கள். அறுத்துத் தைத்த தோல் கருகிய அளவு முதல் இரண்டு குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மூன்றாவதில் குறைவாக இருந்தது. அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே சிகரெட்டை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் மின்சிகரெட்டையும் அதே வரிசையில் வைத்தார்கள்.

ஒவ்வாமைப் பொருள் பட்டு வரும் கரப்பானை விட்டு, உடல்வாகால் வரும் கரப்பானுக்கும் மின்சிகரெட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பது இவற்றையெல்லாம்விடக் கடினமான கேள்வி. பிறவியிலேயே தோல் அரண் பலவீனமாக உள்ளவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழுவினர் 2006-இல் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுப் பிழையை இதற்கொரு முதன்மைக் காரணமாகக் கண்டறிந்தார்கள். அரண் ஓட்டையான தோலில் ஈரம் தங்காது. எரிச்சலூட்டும் பொருள் எளிதில் உள்ளே போகும். சிகரெட்டைப் பொறுத்தவரை, 86 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, புகைப்பவர்களிடமும் பிறர் புகையைச் சுவாசிப்பவர்களிடமும் கரப்பான் அதிகம் காணப்படுவதாகச் சொன்னது. கருவுற்ற காலத்தில் தாய் புகைத்ததற்கும் குழந்தையின் கரப்பானுக்கும் அத்தகைய தொடர்பு அதில் தென்படவில்லை. மின்சிகரெட் பற்றிய கருத்துக்கணிப்பு ஆய்வுகள் பின்னர் வந்தன. இழுப்பவர்களிடம் கரப்பான் சற்று அதிகம் என்று சில காட்டின. ஆனால் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு எது முன், எது பின் என்று சொல்லாது. கரப்பானின் அரிப்பும் தூக்கமின்மையும் மனவுளைச்சலும் ஒருவரை நிக்கோட்டினிடம் தள்ளியிருக்கலாம். மின்சிகரெட் இழுக்கும் பெரியவர்களில் பலர் முன்பு சிகரெட் பிடித்தவர்கள் என்பதும் கணக்கைக் குழப்புகிறது. ஏற்கெனவே கரப்பான் உள்ளவரின் தோலை இந்த ஆவியும் உலோகமும் மேலும் தூண்டலாம் என்பதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. உடல்வாகால் வரும் கரப்பானையே மின்சிகரெட் உண்டாக்குகிறது என்று சொல்ல அவை போதா.

தோலுக்கு நேர்ந்த தீங்குகளில் எந்த ஐயமும் இல்லாதது தீக்காயம். மின்சிகரெட்டின் லித்தியம் மின்கலம் சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ சாவியோடும் சில்லறையோடும் உரசிக் குறுக்குச் சுற்றாகி வெடித்தது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரையிலான செய்திகளிலிருந்து 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. அவற்றில் 133 பேருக்குக் காயம். தொடையில் பட்ட காயங்களில் வெப்பத்தோடு மின்கலத்தின் காரப் பொருளும் சேர்ந்து ஆழமாக அரித்தது. அதனால் இத்தகைய புண்ணின் காரத்தன்மையை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தீக்காய மருத்துவர்கள் எழுதினார்கள்.

தமிழ்நாடு அரசு 2018-இல் மின்சிகரெட்டுக்குத் தடை விதித்தது. ஒன்றிய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், அந்த ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றச் சட்டமும் கொண்டுவந்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றமாயின. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தடையை மீறிக் கள்ளத்தனமாகக் கிடைக்கும் கருவிகளில் என்ன திரவம், எந்த உலோகம் என்பதை உறையைப் பார்த்து நம்ப வழியில்லை. அதனால் கையிலோ வாயோரத்திலோ ஆறாத கரப்பானோடு வரும் இளைஞரிடம் தோல் மருத்துவர் மின்சிகரெட் பழக்கத்தைப் பற்றிக் கேட்டாக வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி அதை மறைப்பவர்களும் உண்டு. கேட்டறிந்த பிறகு செய்வது யாடசோன் காலத்து ஒட்டுச் சோதனையேதான். இந்தியாவில் வழக்கமாகப் பயன்படும் பட்டியலில் நிக்கல், ஃபார்மால்டிஹைடு, நறுமணக் கலவை ஆகியவை இடம்பெற்றுள்ளன. முதுகில் ஒட்டிய பொருள்களை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். ஓரிரு நாள் விட்டு மீண்டும் பார்த்து, எந்த இடம் சிவந்து தடித்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள்.