லாண்ட்மாஸ்டர் வந்தது, விமானம் வரவில்லை

குருமண்வெளித் துறையில் படகுப்பாதை ஏறி மண்டூர்ப் பக்கம் வெள்ளாமைக்குப் போகும் களுவாஞ்சிக்குடிக்காரர், இரு சக்கர உழவு இயந்திரத்தை இன்றைக்கும் லாண்ட்மாஸ்டர் என்றுதான் சொல்வார். 1950களில் அதை வடிவமைத்த ரே விஜேவர்தன (1924–2010) கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். இயந்திர உழவே நம்முடைய வெப்பவலய மண்ணுக்கு ஒத்துவராது என்று பின்னாளில் வாதிட்டவரும் அவர்தான். சொந்தப் படைப்புக்கு எதிராகப் பேசும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இவற்றோடு, வாழ்நாள் முழுதும் சிறு விமானங்களை ஓட்டினார். இலகு விமானங்களைத் தானே கட்டியும் பறந்தார். அவருடைய உழவு இயந்திரம் வாவி கடந்து படுவான்கரை வயல்வரை வந்துவிட்டது. அவருடைய பறக்கும் தொழில் மட்டும் மட்டக்களப்பில் வேர்விடவில்லை. இதற்கு ஆளில்லாமையோ ஆசையில்லாமையோ காரணமென்று நான் நினைக்கவில்லை. இங்கே அமைந்த ஓடுபாதை பயணிகளை ஏற்றி இறக்கவே அமைந்தது. விமானியை உருவாக்குவது அதன் வேலையாக ஒருபோதும் இருக்கவில்லை.

எங்கள் கரைக்கு விமானம் புதிதல்ல. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பலான ஹெர்மிஸ், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அன்றைக்கு அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. கிழக்கு, போரின் வழியாகத்தான் வானத்தை முதலில் பார்த்தது. கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையத்தின் தொடக்கம் வேறு. அங்கே 1935இல் முதலில் வந்து இறங்கியது, மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல்-பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மோத் என்ற சிறு விமானம். பறக்கக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் திறந்துவைத்த களம் என்றே அதைச் சொல்லலாம். பிறகு பயிற்சிப் பள்ளிகளும் பழுதுபார்க்கும் கூடங்களும் அதைச் சுற்றியே வளர்ந்தன. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறந்தபோது வந்தது ஏர் சிலோனின் டகோட்டா. பயணச்சீட்டு வாங்கியவருக்கு அதில் இடம் இருந்தது. சுக்கானைப் பிடித்துப் பழக நினைத்த பையனுக்கு அங்கே எந்த வாசலும் இல்லை.

உள்நாட்டுப் போர்தானே இதையெல்லாம் கெடுத்தது என்று கேட்கலாம். 1983இல் விமானப்படை நிலையத்தை எடுத்துக்கொண்டது உண்மை. 2007 மார்ச்சில் விடுதலைப் புலிகள் ஸ்லின் ரகச் சிறு விமானங்களால் கட்டுநாயக்காவைத் தாக்கிய பின், இலகு விமானம் என்றாலே அரசுக்குச் சந்தேகம் எழுந்ததிலும் வியப்பில்லை. ஆனால் 1958க்கும் 1983க்கும் இடையில் 25 ஆண்டுகள் கிடந்தன. இரத்மலானையில் பயிற்சி நடந்த காலம் அது. போர் இங்கே வேரைப் பிடுங்கவில்லை, அதற்கு முன்னரே நடப்படாத ஒன்றை நிரந்தரமாக்கியது, அவ்வளவுதான். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே வெள்ளாமை செய்யும் ஊருக்குப் பணக்காரர் விளையாட்டு எதற்கு? ரே வசதியான கொழும்புக் குடும்பத்துப் பிள்ளை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தனியொருவர் பணத்தில் நடந்தால்தான் அது பணக்காரர் விளையாட்டு. இந்தியாவில் அரசின் சிவில் விமானத்துறையே கிளைடர் மையங்களை நடத்தியது. அதன் தொழில்நுட்ப மையத்தில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த இருவர் அமரும் ரோகிணி கிளைடர் 1961இல் பறந்தது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும் வின்ச் கம்பிவடத்தால் இழுத்து உயரத்தில் விட்டுவிடும். வெயிலில் சூடேறி எழும் காற்றைத் தேடிப்பிடித்து மேலேறுவது ஓட்டுபவர் திறமை. கற்பவர்கள் சேர்ந்து ஒரே ஊர்தியைப் பகிர்வதால் செலவும் பிரிந்துபோகும். வாடைக்காற்றையும் சோளகத்தையும் நாள்தோறும் கணித்துத் தோணி விடும் கரைக்கு, காற்றைப் படிப்பது யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையா?

2018இல் மட்டக்களப்பு மீண்டும் குடிசார் விமான நிலையமானது. ஓடுபாதை இருக்கிறது, சிறு விமானங்களும் வந்துபோகின்றன. சுற்றுலாப் பயணிகளை மட்டும் எண்ணி அதை நடத்தினால் 1958இன் தவறே தொடரும். நிலையத்தின் ஓரத்தில் ஒரு பயிற்சிக் கொட்டிலுக்கு இடம் விடுங்கள். எழுவான்கரை, படுவான்கரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிளைடர் பயிற்சி தொடங்க சிவில் விமான அதிகார சபையும் மாகாண சபையும் முன்வர வேண்டும்.