எண்களுக்கு இட்ட வேலி

வயலுக்கு வரப்பு உண்டு. ஊருக்கு எல்லை உண்டு. தொலைபேசி எண்களுக்கும் அவ்வாறே வரம்பு உண்டு. அவ்வரம்பு எவ்வாறு தோன்றியது, அதனை வகுப்போர் எதை மறத்தலாகாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் பெயர் பெற்றது. அடுத்தடுத்து அமைந்த இவ்விரண்டு ஊர்களுக்கும் தொலைபேசிக் குறியீடு ஒன்றே: 04563. ஆதலின் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பேச ஆறு இலக்கங்களே போதும். மதுரைக்குப் பேசவேண்டுமாயின் முதலில் சுழியத்தையும், பின்னர் 452 என்ற குறியீட்டையும் சேர்க்கவேண்டும். அச்சுழியமே ஊரெல்லையைக் கடக்கும் வாயில். அதனை விலக்கிக் கூட்டிப் பாருங்கள். இராஜபாளையத்துக்கு 4563, உடன் ஆறு இலக்கங்கள். மதுரைக்கு 452, உடன் ஏழு. சென்னைக்கு 44, உடன் எட்டு. எங்கும் பத்தே இலக்கங்கள். இணைப்புகள் மிகுந்த நகருக்குக் குறியீடு சுருங்குகிறது. ஊர் எண் நீளுகிறது.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882ஆம் ஆண்டு தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கின. அந்நாளில் வாயில் காத்தவர் மனிதர். வெளியூருக்குப் பேச விரும்புவோர் 'டிரங்க் கால்' பதிவு செய்து காத்திருப்பர். யார், எவ்வூருக்குப் பேசுகிறார் என்பதை இணைப்பாளர் அறிவார். ஆகவே தனியொரு பூட்டுக்குத் தேவை எழவில்லை.

அமெரிக்க நாட்டில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பார் தானியங்கி இணைப்பு முறைக்கு 1891இல் காப்புரிமை பெற்றார். அதன் வளர்ச்சியாக, 1960ஆம் ஆண்டு இலக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, இணைப்பாளரின் உதவியின்றி நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் வசதி இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்டது. எஸ்.டி.டி. என வழங்கியது அதுவே. காவலர் அகன்றார், வாயில் திறந்தது. எவர் விரல் பட்டாலும் கட்டணம் ஏறும் நிலை வந்தது. பூட்டு இன்றியமையாததாயிற்று.

அப்பூட்டு அமையும் விதத்தைக் காண்போம். ஓர் ஆலையில் நூறு தொலைபேசிகள் இருப்பதாகக் கொள்வோம். வெளி இணைப்புக்கு முதலில் 9 என்று விதித்தால், உள் எண் எதுவும் 9இல் தொடங்கலாகாது; தொடங்கினால் பொறிக்கு மயக்கம் நேரும். அடுத்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தகுதி வகுக்கப்படும். வாயிற்காவலர் கருவி ஆலைக்குள் மட்டும் பேசும். எழுத்தர் கருவி உள்ளூர் வரை செல்லும். 9ஐ அடுத்துச் சுழியம் வந்தால் வெளியூர். இரு சுழியங்கள் வந்தால் வெளிநாடு. அவற்றுக்கு உரிய தகுதி சிலருக்கே உண்டு. பொறி இலக்கங்களைப் படித்து, கருவியின் தகுதியோடு ஒப்பிட்டு, வழிவிடும் அல்லது மறுக்கும்.

இங்கேதான் பெருந்தவறு நேரக்கூடும். 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயதுச் சிறுமி அவசர உதவி எண்ணாகிய 911ஐ மீண்டும் மீண்டும் அழுத்தினாள். வெளி இணைப்புக்குரிய 9ஐ முன்னே சேர்க்கவேண்டும் என்பதை அவள் அறியாள். அழைப்பு வெளியே செல்லவில்லை, தாய் உயிரிழந்தாள். இதன் விளைவாக, முன்னெண் ஏதுமின்றியே 911 இணையவேண்டும் என 2018இல் அந்நாடு சட்டம் இயற்றியது. நம் ஆலை வாயிலில் உள்ள கருவியும், வேறெதற்குத் தடைப்பட்டிருப்பினும், 112 என்ற அவசர எண்ணுக்குத் தடையின்றி வழிவிடவேண்டும்.

மற்றொரு செய்தி: விதிகள் காலத்தோடு பழுதுபடும். 2021 ஜனவரி 15 முதல், நம் நாட்டில் நிலைத்த தொலைபேசியிலிருந்து கைப்பேசிக்குப் பேசச் சுழியத்தை முன்னே சேர்க்கவேண்டும் என்றாயிற்று. 'சுழியம் என்றால் வெளியூர்' என்று எண்ணி அமைத்த பழைய பூட்டு, அடுத்த தெருவில் உள்ளவரின் கைப்பேசியையும் அன்று முதல் மறுத்துவிடும். அடுத்த ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்தாலும் ஐயம் தீராது. பெங்களூரின் குறியீடு 80. கைப்பேசி எண்களிலும் பல 8இல் தொடங்குவன. இன்னும் சில இலக்கங்களைப் படித்த பின்னரே உண்மை விளங்கும்.

வேலி இடுவது பயிரைக் காக்கவே. செலவைக் காக்க இட்ட வேலி உயிரைக் காக்க ஓடுபவனை மறிக்குமாயின், அது வேலியன்று, பொறியே. நாளை இத்தகைய அமைப்புகளை வகுக்கப்போகும் இளைஞர்கள், எதை மறுக்கவேண்டும் என்று எண்ணுமுன் எதை மறுக்கவே கூடாது என்பதை முதலில் எழுதிக்கொள்வார்களாக.