வேண்டுவனவும் வேண்டின் கொள்வனவும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும் காவடிகளைக் கண்டிருப்பீர்கள். தோளில் தாங்கும் தண்டு இல்லையேல் அது காவடியே அன்று. மயிற்பீலியும் மலரும் இன்றியும் காவடி எடுக்கலாம். அவ்வாறு எடுப்போர் மிகச் சிலர். முன்னே மேளம் செல்வது அவரவர் வசதியைப் பொறுத்தது. இம்மூன்று நிலைகளையும் லினக்ஸ் உலகம் வகுத்துக்கொண்ட வரலாறு சுவையானது.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதி வேறு பல பொதிகளைச் சார்ந்து நிற்கும். தொடக்கத்தில் அத்துணைப் பொதிகளைப் பயன்படுத்துவோரே தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. 1993-இல் ஈயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், பொதியின் குறிப்பேட்டிலேயே சார்புகளை எழுதிவைக்கும் முறையை வளர்த்தது. இன்றியமையாதது 'டிபெண்ட்ஸ்'; பெரும்பாலோர்க்கு வேண்டியது 'ரெக்கமெண்ட்ஸ்'; இருப்பின் நலம் தருவது 'சஜஸ்ட்ஸ்'. மூன்றாவதன் பழம்பெயர் 'ஆப்ஷனல்' என்பதாகும். நிரல் எழுதுவோர் கையாளும் 'கிட்' என்னும் பொதியைப் பாருங்கள்: பெர்ல் மொழி இன்றி அது நிறுவப்படாது, பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் 'லெஸ்' பரிந்துரை மட்டுமே, விளக்க நூற்பொதியோ வெறும் யோசனை.

1995-இல் ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.பி.எம். முறை நெடுங்காலம் கட்டாயச் சார்பு ஒன்றையே அறிந்திருந்தது. ஆகவே பொதி கட்டுவோர்க்கு இரண்டே வழி: பயனுள்ளதைக் கட்டாயமாக்குவது, அன்றேல் அறவே விடுவது. பரிந்துரைக்கு அங்கே இடம் பிறந்தது 2014-இல், 4.12 பதிப்பில்தான்!

டெபியனில் வேறொரு வினா எழுந்தது. 1999-இல் டெபியன் 2.1 உடன் வந்த 'ஆப்ட்' என்னும் கருவி, கட்டாயச் சார்புகளைத் தானே கொணர்ந்தது. 2009-இல் டெபியன் 5.0 முதல், பரிந்துரைகளையும் கேளாமலே கொணரத் தொடங்கியது. புதியவர்க்கு இது நன்மையே. நிறுவிய மென்பொருள் குறைபாடின்றி இயங்கும். ஆயின், அளவுக்குப் பணம் கொடுத்து இணையத்தைப் பெறுபவர்க்கு, ஒன்று கேட்டால் பத்து வந்து இறங்குவது சுமையே.

இது நம் மாணவர்க்கும் உரிய செய்தி. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ், டெபியனை முதல்நூலாகக் கொண்ட வழிநூல் போன்றது. திருத்தணியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. முதன்முதல் கணினி பெற்ற மாணவன் 'ஆப்ட்' கருவியை ஏவும்போது, எது வேண்டும் என்பதை அவனுக்காக எங்கோ ஒருவர் முன்னரே முடிவு செய்திருந்தார்.

அம்முடிவு மாற்ற இயலாததன்று. 'நோ இன்ஸ்டால் ரெக்கமெண்ட்ஸ்' என்று கட்டளையில் சேர்த்தால் பரிந்துரைகள் வாரா. எந்நாளும் வேண்டாமெனில், கருவியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்; அக்கோப்பைத் திருத்தக் கணினியின் நிர்வாகிக்குரிய கடவுச்சொல் கையில் இருத்தல் வேண்டும்.