ஏணையும் வாடைக்காற்றும்

பனி கொட்டும் காட்டில் இரு மரங்களுக்கிடையே துணிப்படுக்கை கட்டி உறங்குவது இன்று மேலை நாடுகளில் ஒரு பொழுதுபோக்காகியிருக்கின்றது. கனடாவிலும் நோர்வேயிலும் வளர்ந்த எம்மவர் பிள்ளைகள் சிலருக்கும் அதில் ஆர்வமுண்டு. "உறைகுளிரில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு எப்படி உறங்குகிறார்கள்?" என்று ஏறாவூரில் நண்பரொருவர் அண்மையில் வியந்தார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கு சற்று விரித்து எழுதுகின்றேன்.

தொங்கு படுக்கை எமக்குப் புதிதன்று. தமிழகத்தார் தூளி என்பதை நாம் ஏணை என்போம். தாயின் பழஞ்சேலையில் கட்டிய ஏணையில் கிடவாத குழந்தை மட்டக்களப்பில் அரிது. ஆனால் பெரியவர்கள் படுக்கும் தொங்கு படுக்கையை ஐரோப்பியர் அறிந்துகொண்டது அமெரிக்கப் பழங்குடியினரிடமிருந்தே. 1492ஆம் ஆண்டு ஒக்டோபரில் பஹாமாத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ளவர்கள் பருத்தி வலைகளில் உறங்குவதைக் கண்டார். ஆங்கிலத்தின் 'ஹமொக்' என்ற சொல்லும் கரீபியத் தீவு மக்களின் மொழியிலிருந்து வந்ததே.

பிறேசிலின் துப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டு மீண்ட ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜேர்மானியர், 1557இல் வெளியிட்ட தமது நூலில், அம்மக்கள் தொங்கு படுக்கையின் அருகே இரவில் தீ வளர்த்திருந்ததைப் பதிவு செய்திருக்கின்றார். வெப்ப நாட்டவர்களுக்குத் தீ எதற்கு? இக்கேள்வியில்தான் குளிரின் சூட்சுமம் அடங்கியிருக்கின்றது.

பாயில் படுப்பவனுக்குக் கீழே தரையுண்டு. தொங்கு படுக்கையில் கிடப்பவனுக்கு முதுகின் கீழும் காற்றுத்தான். அது ஓயாது வீசி உடற்சூட்டைக் கவர்ந்து செல்லும். போர்வையை மடித்து உள்ளே விரித்தாலும் உடலின் பாரம் அதனை நசுக்கிவிடும். உண்மையில் எம்மைக் காப்பது போர்வையன்று, அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் அசையாக் காற்றே. நசுங்கிய போர்வையில் அந்தக் காற்று இல்லை. பிரித்தானியக் கடற்படையினர் தமது கன்வஸ் படுக்கையினுள் மெல்லிய மெத்தையொன்றையும் வைத்திருந்தனர். இன்றைய முகாம்வாசிகளோ, இறகோ செயற்கைப் பஞ்சோ அடைத்த மெத்தைப் போர்வையைப் படுக்கைக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகின்றனர். பாரம் அதன்மேல் விழாததால் அது நசுங்குவதில்லை. இடைவெளியின்றி அணைந்திருக்க வேண்டும், ஆனால் இறுகிவிடக் கூடாது என்பதே விதி. மேலே மழைக்கும் காற்றுக்கும் ஒரு விரிப்பைத் தாழ்வாகக் கட்டிவிட்டால் பனியிலும் உறங்கலாம்.

இதை விளக்கியபோது 1978ஆம் ஆண்டு என் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் பறிபோயின. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அப்போது நான் சிறுவன். எமது வீட்டின் கூரை போய்விட்டது. மூன்று மாதத் தம்பி நனைந்த ஏணையில் நடுங்கி, பின்னர் அழவும் வலுவின்றிக் கிடந்தான். அழுகை நின்றதே அம்மம்மாவை அச்சுறுத்தியது. விடிந்ததும் அயலிலிருந்த முஸ்லிம் காக்கா ஒருவர் நனையாத சாக்கொன்றைக் கொண்டுவந்து தந்தார். அம்மம்மா பிள்ளையின் ஈரத்தைத் துடைத்து, பெட்டகத்தினுள் நனையாதிருந்த சேலையில் ஏணையை மாற்றிக் கட்டினார். சாக்கினுள் பழந்துணிகளைத் தளர்வாக இட்டு, அதனை ஏணையின் அடிப்புறத்தில் வெளியே கட்டித் தொங்கவிட்டார். தம்பி பிழைத்தான். அவன் இன்று பேரப்பிள்ளை கண்டவன். பனிக்காட்டுப் பயணிகள் விலை கொடுத்து வாங்கும் அடிப்போர்வையும் அம்மம்மாவின் சாக்கும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

எமது மண்ணில் குளிர் கொல்லாது என்று நினைப்பவர்கள் 2022 டிசம்பரை நினைவுகூர வேண்டும். மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரால் மடிந்தன. நீர் உறையும் குளிர் அன்று இங்கு இருக்கவில்லை. இருந்தவை விடாத மழையும் வாடைக்காற்றுமே. நீர் காற்றைக் காட்டிலும் சுமார் இருபத்தைந்து மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்த வல்லது. நனைந்த உடலின்மேல் காற்றும் வீசினால் சூடு நிலைப்பதெங்ஙனம்? உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால் மனிதனுக்கும் ஆபத்தே.

2004 ஆழிப்பேரலையும் எமக்கு மாரிகாலத்திலேயே வந்தது. 2011 ஜனவரி வெள்ளமும் அவ்வாறே. எமது அழிவுகள் பலவும் மழையோடு கூடியே வருகின்றன. அத்தகைய வேளைகளில் அரிசியையும் பருப்பையும் நினைக்கும் நாம், நனையாத ஒரு சாக்கையும் ஒரு மாற்றுச் சேலையையும் உயரத்தில் பொதிந்து வைக்க மறந்துவிடுகின்றோம்.

நண்பர் யாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை" என்றார். அப்படியன்று. அவன் அதை எழுதி வைத்தான். அம்மம்மா எழுதவில்லை. அதனால்தான் நான் எழுதுகின்றேன்.