பங்களிப்பு என்றொரு சொல்



திருநகரில் நின்று பேசுகிறேன். பக்கத்தில் ஹார்விபட்டி. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக ஹார்வி நிர்வாகம் உருவாக்கிய குடியிருப்பு அது. அந்தத் தெருக்களை யாரும் சலுகை என்பதில்லை. சேரிக்கு ஒரு குழாய் வந்தால் மட்டும் அது சலுகையாகிவிடுகிறது. மக்கள் தம் குடியிருப்பைத் தாமே மேம்படுத்த மானியமும் பயிற்சியும் தருவது என்ற இன்றைய பேச்சை, இந்த வேறுபாட்டிலிருந்துதான் நாம் படிக்க வேண்டும்.

இந்தப் பேச்சு புதிதல்ல. 1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை, கிணறு, பள்ளி ஆகியவற்றை ஏற்படுத்தித் தரும் பணியை மேற்கொண்டது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் கூலி உயர்வு கேட்டால் குடிசையை இழக்க நேரிடும். ஆகவே மனை என்பது அன்று விடுதலைக்கான முதல் படி. ஆனால் பல இடங்களில் அந்த மனை கடனாகவே வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தவணையில் அடைக்க வேண்டும். தலைமுறைகளாகத் தாங்கள் உழைத்த மண்ணில் நிற்பதற்கே அவர்கள் விலை கொடுத்தார்கள். ‘மக்கள் பங்களிப்பு’ என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே நம் முன்னோர் பங்களித்துவிட்டார்கள்.

1990களில் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்கள் வளர்ந்தன. பிரதான் அமைப்பு அலங்காநல்லூர்ப் பகுதியில் விதைத்த வேலை அது. 1997இல் உருவான தானம் அறக்கட்டளை அதை விரித்தது. பெண்கள் மாதந்தோறும் சேமித்தார்கள், தமக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள், கணக்கைத் தாங்களே பார்த்தார்கள். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பது குறைந்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தக் குழுக்களிலிருந்து எழுந்தவர்தான் விவசாயக் கூலியான சின்னப்பிள்ளை. 2001இல் அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவருக்கு வீட்டுமனையும் வீடும் தர மாநில அரசு உத்தரவிட்டது 2024இல்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பல்லாயிரம் பேருக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுக்க முடிந்தது. சேமிப்பால் மட்டும் மனை வந்துவிடவில்லை. நிலமும் அதிகாரமும் சேமிப்புப் புத்தகத்துக்கு வெளியே இருந்தன.

1997-98இல் ‘நமக்கு நாமே’ திட்டம் வந்தது. 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரோடு திரும்பியது. மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும். ஊரகப் பகுதிகளில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. விகிதத்தைக் குறைத்தது நியாயம்தான். என் கேள்வி வேறு. ஊருக்குள் சாக்கடையும் குடிநீரும் வரிப்பணத்திலிருந்தே வந்து சேர்ந்தபோது, சேரி ஏன் உண்டியல் குலுக்க வேண்டும்?

இனி பயிற்சி. எங்கள் தெருப் பெண்களுக்கு ஒருமுறை ஊறுகாய் போடப் பயிற்சி கொடுக்க வந்தார்கள். மூன்று நாள் சொல்லித்தந்து, சான்றிதழும் கொடுத்தார்கள். கடைசி நாள் ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: “ஊறுகா போடத் தெரிஞ்சுக்கிட்டோம் தம்பி. எங்க கையால போட்டத இந்த ஊர்ல யாரு வாங்கித் திம்பா?” பயிற்சியாளரிடம் பதில் இல்லை. அவருடைய பாடப்புத்தகத்தில் சாதி என்ற அத்தியாயமே இல்லை. சமூகவியல் முதுகலை படித்த எனக்கும் அன்று அந்தப் பாட்டிதான் ஆசிரியர்.

மானியம் வேண்டாம், பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். முதலில் பட்டா. அடுத்து, 1979-80 முதல் பட்டியல் சாதியினருக்கென மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கப்பட வேண்டிய சிறப்பு உட்கூறு நிதியின் கணக்கு. நம் பெண்கள் பத்து ரூபாய்க் கடனுக்கும் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கிறார்கள். அதே பழக்கத்தை அரசும் நம் தெருவில் வந்து செய்யட்டும். எங்கள் பெயரில் வந்தது எவ்வளவு, எங்கே போனது என்று வாசிக்கட்டும். அந்தக் கணக்கைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் நம் பிள்ளைகளைப் பழக்குவோம். நமக்கு இன்று வேண்டிய பயிற்சி அதுதான்.

ஜெய்பீம்.