மூன்றுக்கு மூன்று: ஒரு மூலையின் வரலாறு

மலர்க் குழு நண்பர்கள் மூன்று முறை நினைவூட்டிவிட்டார்கள். வரலாற்றுத் துறையில் படித்தவன் என்பதால் சோழர் காலத்தைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கு நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் எழுத வந்தது ஒரு விளையாட்டுப் பலகையின் மூலையைப் பற்றி. அந்த மூலைக்காக எண்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்தது.

ஆட்டத்தின் பெயர் கோ. நம் விடுதியில் கேரமும் செஸ்ஸும் தவிர வேறொன்றும் அறியோம் ஆகையால், ஒரு சின்ன விளக்கம். தமிழில் கோ என்றால் அரசன். ஆனால் இந்த ஆட்டத்தில் ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி, கோடுகள் கூடும் இடத்தில்தான் காய். அப்படி 361 இடங்கள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. சுற்றிலும் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துவிட்டால் போய்விடும். முடிவில் அதிக இடத்தை வளைத்தவர் வென்றவர். சீனாவில் பிறந்து ஜப்பானில் செழித்த ஆட்டம் இது.

வளைப்பதற்கு மூலைதான் லாபம். இரண்டு பக்கம் பலகையின் ஓரமே வேலியாக நிற்கிறது, பாதி வேலிச் செலவு மிச்சம். அதனால் முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில்தான் நடு. சரி, மூலையில் எந்தப் புள்ளி? ஓரத்திலிருந்து மூன்றாவது கோடும் நான்காவது கோடும் சேரும் இடத்தில் ஒரு காய், பிறகு இன்னொன்று வைத்து மூலையைப் பூட்டுவது: இது ஜப்பானின் பழைய முறை. இரு புறமும் மூன்றாவது கோடு சேரும் 3-3 புள்ளியோ, ஹொனின்போ என்ற பெரிய கோ பரம்பரையில் விலக்கப்பட்ட இடம். அதற்குக் 'கிமோன்', அதாவது பேய் வாசல் என்று பெயர். ஜப்பானியருக்கு அந்தச் சொல் வடகிழக்குத் திசையைக் குறிக்கும். நமக்கு அது ஈசானிய மூலை, பூஜை அறை வைக்கும் இடம்! ஊருக்கு ஊர் சாஸ்திரம்.

1933 கோடையில் ஜிகோகுதானி வெந்நீர் ஊற்றில் இரண்டு இளைஞர்கள் தங்கினார்கள். ஒருவர் கிதானி மினோரு, 24 வயது. மற்றவர் 14 வயதில் சீனாவிலிருந்து வந்த செய்கென், 19 வயது. (அவர் குடும்பப் பெயரும் கோதான். குழப்பம் வேண்டாமென்று செய்கென் என்றே எழுதுகிறேன்.) மூலையைப் பூட்ட எதற்கு இரண்டு காய் என்று கேட்டார்கள். ஒரே காயில் மூலையை முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடு, நடுப் பலகையையும் கணக்கில் எடு என்றார்கள். நான்காவது கோடுகள் சேரும் 4-4 புள்ளி அவர்களுக்கு உகந்ததாயிற்று. இதற்கு 'புதிய தொடக்கம்' என்று பெயர் விழுந்தது. விலையும் உண்டு: 4-4 இல் வைத்தால் 3-3 வாசல் திறந்தே கிடக்கும்.

அதே வருஷம் அக்டோபர் 16. யோமியூரி பத்திரிகை நடத்திய ஆட்டம். எதிரே ஹொனின்போ ஷூசாய், அந்தப் பரம்பரையின் தலைவரே. செய்கெனுக்குக் கறுப்பு. முதல் காயைக் கொண்டுபோய் 3-3 இல் வைத்தார்! இரண்டாவது எதிர் மூலையின் 4-4 இல். மூன்றாவது பலகையின் நட்ட நடுவில். தலைவர் முன்னால் உட்கார்ந்து பேய் வாசலைத் திறப்பதென்றால் சும்மாவா?

ஆட்டத்தை வேண்டும்போது நிறுத்தி இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கும் உரிமை வெள்ளைக்கு, அதாவது ஷூசாய்க்கு மட்டும். அடுத்த காயை வீட்டுக்குப் போய் யோசிக்கலாம், சீடர்களோடு கலந்தும் பார்க்கலாம். மூன்றரை மாதம் இழுத்து 1934 ஜனவரி 29 அன்று முடிந்தது. ஷூசாய் 2 புள்ளியில் வென்றார். திருப்புமுனையான 160 ஆவது காயைக் கண்டுபிடித்தது அவருடைய சீடர் மாயேதாதான் என்று பேச்சு அடிபட்டது. செய்கெனுக்கும் முதலில் வைக்கும் அனுகூலம் இருந்தது. அக்காலத்தில் அதற்கு ஈடாக வெள்ளைக்குப் புள்ளி கொடுப்பதில்லை. ஆனாலும் அந்த நிறுத்தும் உரிமை அதைவிடப் பெரிய அனுகூலம் என்பதே என் கட்சி. 1938 இல் ஷூசாயின் கடைசி ஆட்டம் கிதானியோடு நடந்தபோது, நாள் முடிவில் வைக்கும் காயை எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கிதானி 5 புள்ளியில் வென்றார். எழுத்தாளர் கவபாதா இதைத்தான் நாவலாக்கினார்.

4-4 பரவியதும் வழக்கு வேறு வடிவம் எடுத்தது. எதிராளி 4-4 இல் நின்றால், நாம் 3-3 இல் எப்போது புகுவது? 'அவசரப்படாதே' என்பதே ஆசிரியர்களின் ஒரே பாடம். புகுந்தவர் மூலையில் சின்ன வீடு கட்டிப் பிழைத்துக்கொள்வார், அது நிச்சயம். ஆனால் வெளியே எதிராளிக்குக் கோட்டைச் சுவர் மாதிரி ஒரு வரிசை எழும்பிவிடும், அது பலகை முழுவதையும் மிரட்டும். வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஜப்பானியப் பொறியாளரும் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னார்.

2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் சியோலில் லீ செடோலை 4-1 என்று வென்றது. என்னைக் கேட்டால், அதைவிடச் சுவாரசியம் அடுத்து வந்தது. டிசம்பர் 29 முதல் 2017 ஜனவரி 4 வரை 'மாஸ்டர்' என்ற பெயரில் அதே நிரல் இணையத்தில் முன்னணி வீரர்களோடு 60 ஆட்டம் ஆடி அறுபதிலும் வென்றது. அதில் பல ஆட்டங்களில், பலகை காலியாக இருக்கும்போதே 3-3 இல் புகுந்தது! சூட்சுமம் இதுதான்: புகுந்தவர் இரண்டாவது கோட்டில் காய் வைத்து இணைத்து முடிப்பது பழைய வழக்கம், அதனால் எதிராளியின் சுவர் இன்னும் கெட்டியாகும். நிரல் அதைச் செய்யாமல் பாதியில் விட்டுவிட்டு வேறு மூலைக்குப் போய்விட்டது. சுவரில் ஓட்டை மிச்சம், அடுத்த காய் வைக்கும் முறையும் கையில்.

2017 மே மாதம் வூஜென்னில் சீன வீரர் கே ஜியே அதனுடன் மோதியபோது, முதல் ஆட்டத்தில் தாமே சீக்கிரமாக 3-3 இல் புகுந்தார். அரைப் புள்ளியில் தோற்றார்.

செய்கென் 2014 நவம்பர் 30 அன்று நூறு வயதில் காலமானார். மாஸ்டர் ஆட்டங்கள் தொடங்க அப்போது இன்னும் இரண்டு வருஷமும் ஒரு மாதமும் இருந்தன.

சந்திப்பு நாளில் ஒரு பலகையும் இரண்டு டப்பாக் காயும் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட விருப்பமுள்ள தம்பி தங்கைகள் வரலாம். கறுப்பு உங்களுக்கு; நிறுத்தும் உரிமை இரண்டு பேருக்கும் கிடையாது.